கொன்வோய் அண்ணனின் இடது பக்கம்

ஆஸ்திரேலியாவின் சாலை விதிகளை, அவற்றை எழுதியவர்களைவிட அதிகமாக மதித்த ஒரே மனிதர் கொன்வோய் அண்ணன்தான். பச்சை விளக்கு எரிந்தாலும் ஒரு முறை யோசித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். நூறில் போகலாம் என்று பலகை சொன்னால், அதை யாரோ ஊர் பேர் தெரியாதவர் கொடுத்த யோசனையாக எடுத்துக்கொண்டு எண்பதில் போவார். கடை வாசலில் காரை நிறுத்தும்போது டயர் வெள்ளைக் கோட்டை ஒரு விரல்கடை தொட்டிருந்தாலும் திரும்ப எடுத்து, திரும்ப விடுவார். அதற்குள் நாங்கள் காய்கறி வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

அப்படிப்பட்டவருடைய டிரைவிங் லைசென்ஸ் பறிபோகக் காரணமாக இருந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், என்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டே நீங்கள் பாதி தூரம் வந்துவிடுவீர்கள்.

மெல்பர்னின் கிழக்கே ரோவிலில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு அவருடையது. யாழ்ப்பாணத்துக்காரர். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தைந்து வருஷம். ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். நானும் என் மனைவி மாலதியும் திருச்சியிலிருந்து வந்து குடியேறிய முதல் வாரமே, "கோயிலுக்கு வாறியளோ?" என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றார். கையில் இரண்டு வாக்கிடாக்கி ரேடியோ. ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"ரெண்டு காரில போனால் அது கொன்வோய் தம்பி. முன்னுக்குப் போறது கொன்வோய் வன். அது நான். பின்னால வாற நீர் கொன்வோய் டூ. கதைச்சு முடிய 'ஓவர்' சொல்லவேணும். விளங்குதோ?"

நம் ஊரில் மந்திரி போனால் கான்வாய் என்போம். இங்கே ஒரு ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர் அர்ச்சனைத் தட்டோடு போனார். கோயில் இருபத்தைந்து நிமிட தூரம். அதற்குள், "கொன்வோய் டூ, இடப்பக்கம் பெற்றோல் ஷெட், ஒருத்தன் வெளியால வரப் பாக்கிறான், கவனம், ஓவர்" என்பதுபோல ஒரு முப்பது அறிவிப்பு வந்திருக்கும். அன்று சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்பது நினைவில்லை. வேண்டி முடித்ததும் 'ஓவர்' என்று சொன்னது நினைவிருக்கிறது.

அந்த அலைவரிசையில் லாரிக்காரர்களும் இருப்பார்கள். ஒருமுறை ஒரு வெள்ளைக்கார டிரைவர் நடுவில் புகுந்து, "நண்பா, நீ என்ன விற்கிறாய் என்று தெரியவில்லை, எனக்கு இரண்டு போடு" என்றான். அண்ணன் கொஞ்சமும் அசையவில்லை. "இது பாதுகாப்பு விஷயம், தயவுசெய்து இடத்தைக் காலி செய்யவும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தமிழில் ஒரு வேகத்தடையை அறிவித்தார்.

ஓய்வு பெற்றதும் அவர் ஒரு காரவான் வாங்கினார். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகும் சக்கர வீடு. உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். அவர் மனைவி சரோ அக்கா அந்தச் சமையல் மூலையைப் பார்த்துவிட்டு, "வீட்டில ஒரு குசினி காணாதெண்டு ரோட்டிலயும் ஒண்டு" என்றார். சரோ அக்கா அதிகம் பேசமாட்டார். பேசினால் அது அப்படித்தான் இருக்கும்.

போன ஜனவரியில் நாங்கள் நான்கு பேரும் மெரிம்புலாவுக்குப் போனோம். கடலோர ஊர். காரவான்கள் வரிசையாக நிற்கும் ஒரு பூங்காவில் அவர்கள் தங்கள் வண்டியில் இருந்தார்கள். நாங்கள் பக்கத்திலேயே ஒரு சின்ன மர வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். எட்டு நாள். அண்ணன் அதற்கு ஒரு கால அட்டவணை போட்டு, பிளாஸ்டிக் உறையில் செருகி, எங்கள் கதவில் தொங்கவிட்டார். அதில் 'கடல் பார்த்தல்' என்று ஒரு வரி இருந்தது. நாலே முக்காலிலிருந்து ஐந்தரை வரை.

பூங்காவில் இருந்த எல்லோரையும் அவர் திருத்தினார். யாருடைய காரவான் சாய்ந்து நிற்கிறது, யாருடைய கூடாரக் கயிறு பாதையில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று காலையும் மாலையும் சுற்றி வருவார். மூன்றாம் நாள் ஒரு பெரியவர் தன் காரவானின் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்ததை நானே பார்த்தேன். அண்ணன் தாண்டிப் போனபிறகுதான் திறந்தார்.

இன்னொன்றும் பார்த்தோம், சிரித்தோம். அண்ணன் சாப்பிடும்போது தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, போதும் என்பதுபோல உட்கார்ந்திருப்பார். சரோ அக்கா வேறு எதையோ எடுக்க வந்தவர்போலத் தட்டின் விளிம்பை ஒரு விரலால் தொட்டு அரைச் சுற்றுத் திருப்பிவிடுவார். அண்ணன் மிச்சத்தையும் சாப்பிடுவார். ஒரு வார்த்தை பேச்சு கிடையாது.

"பாருங்க, எவ்வளவு அன்பு" என்றாள் மாலதி என்னிடம். "நீங்க தட்டைத் திருப்ப வேணாம். கழுவி வெச்சாலே போதும்."

கடைசி நாள் காலை எட்டு மணிக்குப் புறப்பாடு. மெரிம்புலாவிலிருந்து ரோவிலுக்கு ஒன்பது மணி நேரம், அண்ணனின் எண்பதில். காரைப் பின்னால் எடுத்து காரவானின் மூக்கோடு சேர்த்துக் கொக்கி மாட்ட வேண்டும். சரோ அக்கா பின்னால் நின்று கை காட்டுவார். அன்றும் காட்டினார். அண்ணன் வண்டியை எடுத்தார். இடது ஓரத்தில் இருந்த தண்ணீர்க் குழாய்க் கம்பத்தில் கார் நன்றாக இடித்தது. குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. தான் எட்டு நாள் திருத்திவந்த அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் இறங்கி நனைந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்ட பெரியவர் ஓடிவந்து தண்ணீரை அடைக்க உதவினார். அதுதான் அண்ணனுக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

"நீர் ஏன் சொல்லேல்லை?" என்று சரோ அக்காவைப் பார்த்துக் கத்தினார்.

"சொன்னனான். ரெண்டு தரம் சொன்னனான்."

"நிண்டு பாக்கிறதுக்கு ஒரு ஆள். உம்மால ஒரு பிரயோசனமும் இல்லை."

சரோ அக்கா நின்ற இடத்தைவிட்டு நகர்ந்தார். அவர்களுடைய காரின் முன் இருக்கையிலிருந்து தன் கைப்பையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு நேராக எங்கள் காருக்கு வந்தார். "நான் உங்களோட வாறன் பிள்ளை" என்று மாலதியிடம் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அண்ணன் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காரவானைக் கட்டுவதற்குத் தான் வைத்திருந்த முப்பத்தெட்டு அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை எடுத்து முதல் அம்சத்திலிருந்து ஆரம்பித்தார்.

அப்படிக் கிளம்பியது அந்தப் பயணம். எட்டு நாள் விடுமுறையை ஒரு பைக்குள் திணித்து, ஜிப் போட முடியாமல் மேலே ஏறி உட்கார்ந்து வருவதுபோன்ற பயணம். காரில் ஈரத் துண்டின் வாடை, மிதியடியெல்லாம் மணல். முன்னால் அண்ணனின் காரவானின் வெள்ளைப் பின்புறம். அதைத் தவிரப் பார்க்க எதுவும் இல்லாமல் ஒன்பது மணி நேரம். பின் இருக்கையில், நாற்பது வருஷத்தில் முதல் முறையாகக் கணவனின் காரில் ஏறாத ஒரு பெண்.

"கொன்வோய் டூ. வலப்பக்கம் மாடுகள். பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஓவர்."

"பார்த்துட்டேன் அண்ணா. ஓவர்."

"கொன்வோய் டூ. வலப்பக்கம் ஒரு பழைய தேவாலயம். ஓவர்."

மாலதி என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள். "கடல் இந்தப் பக்கம் எவ்வளவு அழகா இருக்கு. அதைப் பத்திப் பேசவே இல்லையே இவர். கோபம்போல."

உண்மைதான். மெரிம்புலாவுக்கு வரும்போது கடல் எங்களுக்கு வலப்பக்கம் இருந்தது. அதைப் பற்றி நாற்பது கிலோமீட்டருக்கு வர்ணனை கொடுத்தார். இப்போது கடல் இடப்பக்கம். ஈடன் விரிகுடா முழுசும் நீலமாகக் கிடந்தது. அண்ணனுக்கு எதிர்ப்பக்கத்து மாடுகள்தான் முக்கியமாக இருந்தன.

சாலை கடலை விட்டுக் காட்டுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் உயரமான யூகலிப்டஸ் மரங்கள். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே தடம். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்புக் கேட்டது. சரோ அக்கா முன்னால் குனிந்து மாலதியின் இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண் காரவானைவிட்டு அகலவில்லை. மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன். மாலதியும் அப்படித்தான் நினைத்து, மரியாதைக்காகக் காரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினாள்.

பாட்டு நின்றதும் அந்த மந்திரம் தெளிவாகக் கேட்டது.

"இடது. இடது வருது. கோட்டைத் தொடுது. வலது பிடியுங்கோ. இஞ்சருங்கோ, வலது பிடியுங்கோ."

முன்னால் காரவானின் இடது சக்கரங்கள் வெள்ளைக் கோட்டைத் தாண்டிச் சாலை ஓரத்துச் சொரசொரப்புப் பட்டையில் ஏறின. டர்ரென்ற சத்தம் எங்களுக்கே கேட்டது. காரவான் ஒரு குலுக்கலோடு உள்ளே வந்தது. கொஞ்ச தூரம் போய் மறுபடி அதே மாதிரி. அடுத்த முறை, ஓரத்தில் நட்டிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கம்பம் ஒன்றைக் காரவான் படுக்கவைத்துவிட்டுப் போனது.

ரேடியோ கரகரத்தது. "கொன்வோய் டூ. ஏதோ சத்தம் கேட்டுது. உம்மட காரில ஏதும் பிரச்சினையோ? ஓவர்."

நான் சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

கான் ரிவர் தாண்டி அரை மணி நேரத்தில் சாலை வேலை நடந்தது. முன்கூட்டியே சொல்லும் பலகைகள் எல்லாம் இடது ஓரத்தில் இருந்தன. அறுபது என்றது ஒன்று. நாற்பது என்றது அடுத்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். காரவான் குறைக்கவில்லை. தூரத்தில் இடது ஓரமாக, ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு பெண் 'நில்' என்ற பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே ஒற்றைத் தடத்தில் மரம் ஏற்றிய லாரி ஒன்று மெதுவாக வந்துகொண்டிருந்தது.

சரோ அக்கா இப்போது முணுமுணுக்கவில்லை. "ஆள் நிக்குது, இடப்பக்கம் ஆள் நிக்குது" என்று என் காதுக்குப் பக்கத்தில் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. அண்ணனிடம் சொன்னார். அவர் எண்பது மீட்டர் முன்னால், வேறு காரில் இருந்தார்.

அந்தப் பெண் பலகையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதருக்குள் பாய்ந்தாள். அவள் நின்ற இடத்தைக் காரவானின் இடது பக்கம் துடைத்துக்கொண்டு போனது. லாரிக்காரன் ஹாரனை அழுத்தியபடியே தன் வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்தினான்.

"அண்ணா, நிறுத்துங்க. உடனே நிறுத்துங்க" என்றேன் ரேடியோவில்.

"ஏன் தம்பி? அடுத்த நிறுத்தம் ஓர்போஸ்ட் எல்லோ. அட்டவணையைப் பாரும். ஓவர்."

"நிறுத்துங்க அண்ணா."

நான் 'ஓவர்' சொல்லாததால் நிறுத்தினார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு முழங்கை உரிந்திருந்தது. வேறு காயம் இல்லை. இருபது வயதுதான் இருக்கும். புதரிலிருந்து எழுந்து வந்து, நான் அதுவரை கேட்டிராத வசவுகளை எல்லாம் சொன்னாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். கூட வேலை செய்தவர்கள் வந்து அவளை உட்காரவைத்தார்கள். காரவானின் எண்ணை ஒருவர் எழுதிக்கொண்டார்.

நான் காருக்குத் திரும்பியபோது சரோ அக்கா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு அதனிடம் பேசுவதுபோலச் சொன்னார்.

"அவருக்கு இடப்பக்கம் தெரியாது தம்பி. நீங்கள் இஞ்சை வாறதுக்குக் கொஞ்சம் முந்தி சின்னதா ஒரு ஸ்ட்ரோக் வந்தது. கை கால் எல்லாம் சரியாப் போச்சு. ரெண்டு கண்ணிலயும் இடப்பக்கப் பாதி மட்டும் திரும்பி வரேல்லை. கார் ஓடக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். இவர் கேக்கேல்லை. நான் பக்கத்தில இருந்து சொல்லுவன். நான் சொல்லுறதை அவர் றேடியோவில உங்களுக்குச் சொல்லுவார். தான் கண்ட மாதிரி."

இரண்டு வருஷமாக நான் கேட்டுச் சிரித்த ஒவ்வொரு 'இடப்பக்கமும்' சரோ அக்காவுடையது. நண்பர்கள் வீட்டு விருந்துகளில் அவரைப்போலப் பேசிக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அந்த நகைச்சுவையை எழுதிக் கொடுத்தது அவருக்குப் பக்கத்து இருக்கையில் கைப்பையோடு உட்கார்ந்திருந்த பெண்.

அண்ணன் காரவானைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கொக்கியைத் தட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தப் பொம்பிளை?" என்றார்.

கை காட்டினேன். அவர் முகத்தை முழுசாக இடப்பக்கம் திருப்பினார். அப்போதும் நம்பாமல் உடம்பையே திருப்பினார். ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். போய் மன்னிப்புக் கேட்க நாலு அடி எடுத்துவைத்தார். அந்தப் பெண் எழுந்து தள்ளிப் போய்விட்டாள்.

"நான் ஓட்டறேன் அண்ணா" என்றேன்.

"நீர் ஒருநாளும் காரவான் இழுத்ததில்லை."

சரோ அக்கா இறங்கி வந்தார். அண்ணனின் கையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். அவர் பக்கம் திரும்பிப் பார்க்காமலே எங்கள் காருக்குப் போய்விட்டார். அதை மாலதி ஓட்டி வந்தாள்.

அடுத்த ஆறு மணி நேரத்தை நான் யாருக்கும் விரும்பமாட்டேன். நான் வலது இருக்கையில். அண்ணன் இடது இருக்கையில். இடது ஜன்னலில் அவருக்கு எதுவும் இல்லை. அந்தப் பயணம் முழுக்க அவருக்கு வாய்த்த காட்சி சாலையின் பாதியும் என் முகமும்தான். முதல் ஒரு மணி நேரம் சரிபார்ப்புப் பட்டியலை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு, "கண்ணாடியைப் பாரும்" என்றார். "பிரேக்கை மெல்லமாத் தொடும். இறக்கத்தில காரவான் தள்ளும்." நான் செய்தேன். எண்பத்தொன்று தொட்டால், "எண்பது" என்றார்.

லேக்ஸ் என்ட்ரன்ஸ் ஊருக்குள் இறங்கும்போது ரேடியோவில் மாலதி வந்தாள். "என்னங்க, இப்ப யாரு வன், யாரு டூ? ஓவர்."

விளையாட்டாகத்தான் கேட்டாள். சூழ்நிலையைச் சரிசெய்யப் பார்த்தாள். அண்ணன் மடியிலிருந்த ரேடியோவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"சொல்லும். முன்னுக்குப் போறதுதான் வன்."

நான் அதை வாங்கிக் கியருக்குப் பக்கத்தில் வைத்தேன். இடப்பக்கம் ஏரி முழுக்கப் படகுகள் நின்றன.

ட்ரரால்கன் தாண்டியதும் கேட்டார். "அந்தப் பிள்ளைக்குக் காயமோ?"

"முழங்கைல உரசல்தான் அண்ணா."

வாரகுல் வருவதற்குள் இன்னும் இரண்டு முறை அதையே கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். ரோவிலுக்குள் நுழையும்போது இன்னும் நல்ல வெயில். தெருமுனையில், "தம்பி" என்றார். "இதை உமக்குள்ள வைச்சிரும். மகள் சிட்னியில இருந்து வந்து வீட்டைப் பூட்டி எங்களைக் கூட்டிக்கொண்டு போயிடுவாள். கார் இல்லாட்டி இஞ்சை நான் என்ன செய்யிறது? நான் இனிப் பாத்து ஓடுவன்."

"சரி அண்ணா" என்றேன். ஒன்பது மணி நேரக் களைப்பில் யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லியிருப்பேன்.

சாலைப் பணியாளர்கள் எழுதிக்கொண்ட எண் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு அபராதக் கடிதம் வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதைத் தெரிந்த வெளியாட்கள் நானும் மாலதியும்தான்.

மறுநாளே போய்ச் சொன்னேன், எங்கே போக வேண்டுமானாலும் நான் கூட்டிப் போகிறேன் என்று. "ஒவ்வொரு நாளுமோ?" என்றார். ஒவ்வொரு நாளும்தான் என்றேன். "நீர் வேலைக்குப் போற ஆள்" என்று சிரித்துவிட்டு, எங்கள் வீட்டுத் தபால்பெட்டி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

பத்து நாள் கழித்து ஒரு மதியம். நான் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் தெருமுனையில் ஆரம்பப் பள்ளி விடும் நேரம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அண்ணன் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கை காலி. சரோ அக்காவுக்கு முழங்கால் வலி, எழுந்திருக்க முடியவில்லை. அவருக்கு மாத்திரை வாங்கத்தான் போனார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் நான் செய்ததைத்தான் செய்திருப்பேன். இடது நடைபாதையில் பிள்ளைகள் பையோடு வந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் போய், வாங்கி, திரும்பி வரும்வரை இருபத்திரண்டு நிமிஷம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்த இருபத்திரண்டு நிமிஷமும் நான் வாசலில் நின்றேன். உள்ளே வந்து கணினியில் அந்தப் படிவத்தைத் திறந்தேன்.

இந்த ஊரில் அப்படி ஒரு படிவம் இருக்கிறது. ஒருவருக்கு வண்டி ஓட்டும் உடல்நிலை இல்லை என்று யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். 'உங்களுக்கும் அவருக்கும் என்ன உறவு?' என்று ஒரு கேள்வி. 'நண்பர்' என்று எழுதினேன். அடுத்ததாக, 'உங்கள் பெயரை அவரிடம் சொல்லாமல் இருக்க வேண்டுமா?' என்று ஒரு கட்டம். அதில் ஒரு டிக் போட்டேன். நண்பரின் வீரம் அவ்வளவுதான்.

ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்தது. முதலில் கடிதம், பிறகு கண் பரிசோதனை, பிறகு லைசென்ஸைத் திருப்பி அனுப்பு என்று இன்னொரு கடிதம். அது வந்த அன்று அண்ணன் தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். வலப்பக்கம் பார்த்தார். கழுத்தை முழுசாகத் திருப்பி இடப்பக்கம் பார்த்தார். திரும்ப ஒரு முறை பார்த்தார். பள்ளி நேரம் தவிர அந்தத் தெருவில் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு கார் வந்தால் அதிகம்.

"நீங்களோ எழுதினது?"

அதுவரை என்னை 'நீர்' என்றுதான் சொல்லுவார். பழகிய பழக்கத்தில் வருகிற 'நீர்'. அன்று 'நீங்கள்' என்றார். எங்கள் ஊரில் அது மரியாதை. அவர் வாயில் அது கதவைச் சாத்துகிற சத்தமாக இருந்தது.

"ஆமா அண்ணா."

"நல்லது. அந்த றேடியோவைத் தாறீங்களோ?"

உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தேன். பேட்டரி மூடியைத் திறந்து, உள்ளே பேட்டரி இருக்கிறதா என்று சரிபார்த்து எடுத்துக்கொண்டு போனார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

சரோ அக்காவாவது புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது இருவரும் எதிரெதிரே நின்றோம். நானே ஆரம்பித்தேன்.

"அக்கா, வேற வழி தெரியல எனக்கு."

"நீங்கள் செய்தது சரி தம்பி. நான் பிழை எண்டு சொல்லேல்லை." தொட்டியின் மூடியை அழுத்தி மூடினார். "கலியாணம் கட்டி நாற்பது வருஷம். நான் சொல்லி அவர் ஒண்டும் கேட்டதில்லை. இந்த ரெண்டு வருஷம்தான் கேட்டவர். நான் இடது எண்டால் இடது. நில் எண்டால் நிண்டவர். அதையும் நீங்கள் எடுத்துப்போட்டீங்கள்."

நான் என் தொட்டியைச் சாலையோரத்துக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். 

காரவானை ஒரு இளம் தம்பதி வந்து வாங்கிப் போனார்கள். அண்ணன் முப்பத்தெட்டு அம்சங்களையும் அவர்களுக்கு இரண்டரை மணி நேரம் விளக்கினார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்தப் பையன் பாவம், பாதியில் உட்கார இடம் தேடினான். அதன்பிறகு கார் போனது. பிறகு மகள் வந்தாள். அவர் பயந்தபடியே வீட்டைப் பூட்டி இருவரையும் சிட்னிக்கு, லிட்கமில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். புறப்படும் அன்று மாலதி மட்டும் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் வரட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம்" என்றாள். என் மனைவிக்கும் நான் செய்தது சரி என்றுதான் எண்ணம். சரியான காரியம் செய்தவனோடு ஒரே வீட்டில் இருப்பது சிரமம் என்பதும் அவள் எண்ணம்.

விருந்துகளில் இன்னும் கேட்கிறார்கள், "கொன்வோய் அண்ணன் மாதிரி பேசிக் காட்டேன்" என்று. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆகஸ்டில் அலுவலக வேலையாக சிட்னி போயிருந்தேன். ஒரு மதியம் வேலை சீக்கிரம் முடிந்தது. எங்கே போகிறேன் என்று என்னிடமே சொல்லாமல் ரயிலேறி லிட்கமில் இறங்கினேன். மாலதியிடம் சரோ அக்கா தொலைபேசியில் சொல்லியிருந்தார், அண்ணன் தினமும் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார் என்று. தேட வேண்டியிருக்கவில்லை. பிளாட்பார பெஞ்சில், நீலக் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ரயில் வந்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு சீனக் கிழவரிடம், அது இரண்டு நிமிஷம் தாமதம் என்று ஆங்கிலத்தில் முறையிட்டார். கிழவர் இடத்தைக் காலி செய்தார்.

என்ன சொல்வது என்று தெரியாமல் கிட்டே போனேன். ஒரு கை நீட்டும் தூரத்தில் நின்றேன். அவர் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்பது எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் விளங்கியது. நான் அவருடைய இடப்பக்கம் நின்றிருந்தேன்.

வலப்பக்கம் போகலாம். ஏழெட்டு அடிதான். போனால் என்னைப் பார்ப்பார். பார்த்தால் எழுந்து போய்விடுவார், அல்லது 'நீங்கள்' என்பார். நான் போகவில்லை. இங்கே நின்றால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவரோடு இருக்கலாம்.

மூன்று ரயில் வந்து போயிற்று. மூன்றாவது சரியான நேரத்துக்கு வந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு படிக்கட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார். இரண்டடி முன்னால், இடப்பக்கம், யாரோ ஒரு பெரிய பெட்டியை வழியில் நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் முழங்கால் நேராக அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. நான் அதைக் காலால் இழுத்து ஓரம் சேர்த்தேன். அவர் தாண்டிப் போனார்.

படியேறி மேலே போய் மறையும்வரை அவர் பின்னாலேயே போய், அந்த இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டேன்.